அடி தெரியாத தண்ணீர்

என் கணவர் பம்பாயில் நீச்சல் குளங்களுக்கு மருந்து சப்ளை செய்கிறார் என்று சொன்னால், பாலக்காட்டிலிருந்து வரும் உறவுக்காரர்கள் அவரை ஏதோ டாக்டரிடம் கம்பவுண்டராக இருப்பவர் என்று நினைத்துக்கொள்வார்கள். குளத்துக்கு என்ன வியாதி என்று ஒருவர் கேட்டே விட்டார். பிளீச்சிங் பவுடர், படிகாரம், சோடா, பாசி பிடித்தால் கொஞ்சம் மயில்துத்தம் என்று இவர் பொறுமையாகச் சொன்னார். கேட்டவர் தலையாட்டிவிட்டு, இதற்கா கோட்டையில் இருந்த கிளார்க் வேலையை விட்டாய் என்று அடுத்த கேள்விக்குப் போனார்.

அவராக விட்ட வேலை இல்லை அது. பம்பாயின் கோட்டை வட்டாரத்தில் ஒரு இங்கிலீஷ் கம்பெனியில், ரசாயனச் சாமான்கள் இறக்குமதி செய்யும் பிரிவில் இருந்தார். யுத்தம் தொடங்கிச் சில மாதங்களில் அந்தப் பிரிவின் துரை பட்டாளத்துக்குப் போய்விட்டார். சின்னச் சின்ன வாடிக்கைகளைக் கம்பெனி கைவிட்டது. நீச்சல் குளங்களை நீயே எடுத்துக்கொள், சரக்கு வந்தால் உனக்குத் தருகிறோம் என்று சொல்லி இவரை அனுப்பிவிட்டார்கள். ஆள்குறைப்பை அவ்வளவு கௌரவமாகச் செய்தார்கள். இவர் அதை ஒரு பதவி உயர்வு மாதிரி வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

"இனிமே நம்ம சொந்தத் தொழில்டி" என்றார் என்னிடம்.

மாதுங்காவில் நாங்கள் இருந்தது மூன்றாவது மாடியில், இரண்டே அறை. பிளீச்சிங் பவுடரை வீட்டில் வைக்க முடியாது. துணியெல்லாம் நைந்துபோகும், பித்தளைப் பாத்திரம் கறுத்துப்போகும். தாராவியில் ஒரு கொட்டகையின் பாதியை வாடகைக்குப் பிடித்தார். மீதிப் பாதியில் திருநெல்வேலிப் பக்கத்து பாய் ஒருவர் தகர டப்பாக்கள் செய்யும் பட்டறை வைத்திருந்தார். எண்ணெய் டின், மண்ணெண்ணெய் டின், தோல் கிடங்குகளுக்குச் சாயம் கரைக்கும் தொட்டி, எல்லாம் அவரிடம் ஆகும். முதல் நாளே இவருடைய பீப்பாய்களைத் தட்டிப் பார்த்துவிட்டு, "சாமி, இந்த மூடி காத்து வாங்குது. நான் ஈயம் வச்சு ஒட்டித் தாரேன். இல்லேன்னா உங்க சரக்கு ஆவியாப் போயிரும்" என்றாராம். அன்றிலிருந்து இருவரும் சிநேகம். பண்டிகைக்குப் பண்டிகை பாய் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு மாதுங்காவுக்கு வருவார். உள்ளே வரச் சொன்னாலும் வாசற்படி அருகிலேயே நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்காருவார்.

பாய் சொன்னது உண்மை. பிளீச்சிங் பவுடர் உட்கார்ந்த இடத்திலேயே வீரியம் இழந்துகொண்டிருக்கிற சாமான். வெயில் பட்டால் போகும், ஈரம் பட்டால் போகும். பம்பாயில் வெயில் இல்லாத நாளில் ஈரம் இருக்கும், பல நாள் இரண்டும் இருக்கும். மழைக்காலத்தில் திறந்த பீப்பாய் ஒன்று சில வாரங்களிலேயே வெறும் சுண்ணாம்பாகிவிடும். இப்படி ஒரு பண்டத்தை நம்பிக் குடும்பம் நடத்துவது எப்படி என்று நான் கேட்டதில்லை. அவர் முகத்தில் இருந்த உற்சாகத்தைப் பார்த்தால் கேட்கத் தோன்றாது.

அவருக்குத் தண்ணீர் என்றால் அப்படி ஒரு பிரியம். ஆற்றங்கரையில் வளர்ந்தவர். பம்பாய்க்கு வந்த பிறகு சமுத்திரம் அவருக்குப் பிடிக்கவில்லை, குளம்தான் பிடித்தது. ஊரில் சில குளங்கள் வெள்ளைக்காரர்களுக்கு மட்டும் என்று இருந்தன. அங்கே பின்வாசல் வழியாகப் பீப்பாயை இறக்கிவிட்டு வந்துவிடுவார். ஆனால் ஒரு குளம் எல்லோருக்குமானது. ஒரு கமிட்டி நடத்தியது. சொற்பக் காசுக்கு டிக்கெட். பள்ளிக்கூடப் பையன்கள், மில் தொழிலாளிகள், ஆபீஸ் குமாஸ்தாக்கள் என்று யார் வேண்டுமானாலும் வரலாம். அந்தக் குளத்தைத்தான் அவர் தன் குளம் மாதிரி பார்த்துக்கொண்டார். காலையில் போனதும் ஆழமான பக்கத்தில் ஓரணாக் காசு ஒன்றைப் போடுவார். அது அடியில் போய் உட்கார்ந்த பிறகு, மேலே நின்றபடி ராஜா தலை தெரிகிறதா மறுபக்கம் தெரிகிறதா என்று சொல்ல வேண்டும். சொல்ல முடிந்தால் தண்ணீர் சரி. அப்புறம் குதித்துக் காசை எடுத்துக்கொண்டு வருவார்.

எனக்கும் இந்தத் தொழிலில் ஒரு வேலை இருந்தது. குளத்துத் தண்ணீரை ஒரு சீசாவில் கொண்டுவருவார். நான் அரிசிக் கஞ்சியைத் தெளிவாக வடித்து ஆறவைத்திருப்பேன். தண்ணீரில் அவர் ஏதோ ஒரு உப்புக் கரைசலைச் சில சொட்டு விடுவார், நான் கஞ்சியை விடுவேன். பவுடருக்கு வீரியம் இருந்தால் தண்ணீர் இளநீலமாகும். மருந்து அதிகமாகப் போயிருந்தால் கருநீலமாகும். எங்கள் சமையலறை ஜன்னலில் அந்தச் சீசாக்கள் நீலம் நீலமாக நிற்கும். எதிர் வீட்டு மாமி பார்த்துவிட்டு, "என்னடி இது, கஷாயமா?" என்று சிரிப்பாள்.

எதிர் வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் கதவைத் திறந்தால் அவர்கள் கதவு. மாமா ரயில்வேயில் கணக்குப் பிரிவில் இருந்தார். மாமி தஞ்சாவூர்க்காரி; கை தாராளம், வாயும் தாராளம். மூத்த பெண்ணைக் கல்யாணில் கொடுத்திருந்தார்கள். அடுத்தவன் பையன். படிப்பு முடிந்து ஒரு இன்ஷூரன்ஸ் ஆபீசில் அப்போதுதான் சேர்ந்திருந்தான். மீசை சரியாக வளராத முகம். என்னை மன்னி என்று கூப்பிடுவான். பம்பாயிலேயே பிறந்து வளர்ந்தவன், வாளித் தண்ணீருக்கு மேல் தண்ணீரைத் தொட்டதில்லை. அவனுக்கு நீச்சல் ஆசையை மூட்டியது இவர்தான். ஞாயிற்றுக்கிழமைக் காலையில் அவனை அழைத்துக்கொண்டு போவார். முதல் நாள் திரும்பி வந்தவன் கண்ணெல்லாம் சிவந்து, மூக்கில் தண்ணீர் ஏறி, மாமி கொடுத்த காப்பியைக் குடிக்க முடியாமல் இருமிக்கொண்டிருந்தான். "போதும்டா, நமக்கெதுக்கு இது" என்றாள் மாமி. அடுத்த ஞாயிறும் போனான். கொஞ்ச நாளில் மிதக்க வந்துவிட்டது. குறுக்கே ஒரு தடவை போய்த் திரும்புகிறான் என்று இவர் எங்கள் வீட்டில் தன் சொந்தத் தம்பி பாஸ் பண்ணிய மாதிரி சொன்னார்.

யுத்தம் நம் பக்கம் நெருங்க நெருங்கச் சரக்கு வருவது குறைந்தது. முதலில் கப்பல் தாமதம் என்றார்கள். பிறகு கப்பலே இல்லை என்றார்கள். நம் தேசத்திலேயே தெற்கே ஓரிடத்தில் தயாரிக்கிறார்களாம் என்று பாய் கேள்விப்பட்டு வந்து சொன்னார். எழுதிக் கேட்டதற்கு, பட்டாளத்துக்கும் குடிதண்ணீர் இலாகாக்களுக்கும் போக மிச்சமில்லை என்று பதில் வந்தது. அது நியாயம்தான் என்றார் இவர். குடிக்கிற தண்ணீருக்கு முன்னால் குளிக்கிற தண்ணீர் எப்படி நிற்கும்? பர்மிட்டுக்காக ஆபீஸ் ஆபீசாக அலைந்தார். ஒரு அதிகாரி, "நீச்சல் குளமா? யுத்த காலத்தில் ஜனங்கள் நீந்த வேண்டுமா?" என்று கேட்டாராம். இவர் அதைச் சிரித்துக்கொண்டே சொன்னார், ஆனால் சிரிப்பு முகத்தில் தங்கவில்லை.

ஒரு கோடைக்காலம் வந்தது. வெள்ளைக்காரக் குளங்கள் தங்கள் வழியைத் தாங்களே பார்த்துக்கொண்டன. இவருக்கு மிஞ்சியது அந்த ஒரு குளம்தான். பள்ளிக்கூடங்கள் மூடியிருந்தன, குளத்தில் கூட்டம் தாங்கவில்லை. கையில் சரக்கு இல்லை. மசூதி பந்தர் பக்கத்தில் ஒரு தரகன், ராணுவ டெப்போவில் கழித்துவிட்ட பீப்பாய்கள் இருப்பதாகச் சொன்னான். பாயும் இவரும் போய்ப் பார்த்தார்கள். பாய் ஒரு மூடியைத் திறந்து முகர்ந்துவிட்டு, "நெடி கம்மியா இருக்கே சாமி" என்றார். இவரும் முகர்ந்தார். இதைவிட்டால் வேறு இல்லை. வாங்கினார். குளத்தில் கொண்டுபோய் இறக்கும்போது, இது பழைய சரக்கு, பலம் குறைவாக இருக்கும், பார்த்துப் போடுங்கள் என்று சொல்லிவிட்டுத்தான் வந்தார்.

அன்று சாயங்காலம் வழக்கம்போல சீசா வந்தது. நான் கஞ்சி விட்டேன்.

"நீலமே வரலையேன்னா."

"இன்னும் கொஞ்சம் விடு."

விட்டேன். கஞ்சி கஞ்சியாகவே நின்றது. அவர் சீசாவை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு கீழே வைத்துவிட்டு, "வெறும் சுண்ணாம்புடி. அத்தனையும் சுண்ணாம்பு" என்றார்.

மறுநாள் காலையே குளத்துக்கு ஓடினார். அதற்குள் காரியம் மிஞ்சிவிட்டிருந்தது. தண்ணீர் பச்சை பிடிக்கத் தொடங்கியதைப் பார்த்துக் கமிட்டி செக்ரட்டரி, பலம் குறைவு என்றால் நிறையப் போடு என்று காவல்காரரிடம் சொல்லியிருக்கிறார். காவல்காரர் கொங்கணத்து ஆள், வயதானவர், சொன்னதைச் செய்பவர். பீப்பாய் பீப்பாயாகக் கொட்டிவிட்டார். பவுடரில் இருந்த சுண்ணாம்பெல்லாம் கரையாமல் தண்ணீரில் மிதந்தது. அரிசி களைந்த தண்ணீர் மாதிரி குளம் முழுக்க வெள்ளையாகியிருந்தது. இவர் காசைப் போட்டுப் பார்த்தார். கையை விட்டதும் காசு மறைந்தது.

செக்ரட்டரியிடம் போனார். அவர் ஒரு வக்கீல், நல்ல மனிதர் என்றுதான் இவர் எப்போதும் சொல்லியிருக்கிறார். நடந்ததை இவர் சொல்ல நான் கேட்டது இப்படி.

"குளத்தை மூடுங்கோ சார். தண்ணியை இறக்கிட்டுப் புதுசா நிரப்பணும்."

"நிரப்பத் தண்ணி யார் தருவா? முனிசிபாலிட்டி இருக்கிற குழாயையே பாதி நேரம் மூடறான். இறக்கினால் மழை வரைக்கும் காலிக் குளம்தான்."

"அப்படியாவது இருக்கட்டும். படிகாரம் போட்டுத் தெளிய வைக்கிறேன், சில நாள் அவகாசம் கொடுங்கோ. அதுவரை யாரையும் உள்ளே விடாதேங்கோ."

"லீவில் பையன்கள் வேறெங்கே போவார்கள்? சமுத்திரத்தில் போய் விழுவார்கள். வியாதி வருமா இந்தத் தண்ணியில்?"

"வியாதியை விடுங்கோ. அடி தெரியலை சார்."

"ஆழம் எங்கேன்னு போர்டு போட்டிருக்கே" என்றாராம் செக்ரட்டரி.

குளம் திறந்தே இருந்தது. இவர் படிகாரத்தைக் கொண்டுபோய்க் கொட்டினார். ஆட்கள் குதித்துக் கலக்கிக்கொண்டே இருக்கிற தண்ணீரில் எது தெளியும்? வீட்டுக்கு வந்து மாடி மாடியாக ஏறி இறங்கினார். எங்கள் கட்டடத்தில், பக்கத்துக் கட்டடத்தில், தெரிந்த ஒவ்வொரு வீட்டிலும், இந்த வாரம் குளத்துக்கு யாரையும் அனுப்பாதீர்கள் என்று சொன்னார். எதிர் வீட்டிலும் சொன்னார். மாமி, "அவன் ஊரிலேயே இல்லையே. அக்காவுக்குப் பிரசவம்னு கல்யாண் போயிருக்கானே" என்றாள். சரி, வந்ததும் சொல்லிவிடுங்கள் என்றார் இவர்.

அவன் வெள்ளிக்கிழமை இரவு வந்திருக்கிறான். அக்காவுக்குப் பெண் பிறந்திருந்தது. வீட்டில் அந்தப் பேச்சுதான். குழந்தை யார் ஜாடை, என்ன பெயர் வைப்பது, பத்தியத்துக்கு யார் போவது. இந்த அமளியில் குளத்துப் பேச்சு யாருக்கு நினைவு வரும்? சனிக்கிழமை காலை அவன் ஆபீஸ் போகும்போது நான் வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தேன். "மன்னி, நான் மாமா ஆயிட்டேன்" என்று சொல்லிக்கொண்டே படி இறங்கினான். கையில் ஒரு துணிப்பை இருந்தது. சாப்பாட்டு டப்பா என்று நினைத்தேன்.

சனிக்கிழமை அரை நாள் ஆபீஸ். மத்தியானம் கழிந்து மாமி எங்கள் வாசலில் வந்து நின்றாள். இவர் அப்போதுதான் தாராவியிலிருந்து வந்து சட்டையைக் கழற்றியிருந்தார்.

"அவனுக்காக அடை வார்த்து வச்சிருக்கேன். இன்னும் காணலை. ஆபீஸ்ல ஏதாவது வேலையோ என்னமோ" என்றாள் மாமி. அவள் குரலில் கவலைகூட இல்லை.

இவர்தான் கேட்டார். "காலம்பற போறச்சே கையில என்ன எடுத்துண்டு போனான்?"

"டப்பாவும், ஒரு துண்டும் நிஜாரும். இவ்வளவு நாள் நீஞ்சவே இல்லை, கை கால் மறந்துடும்னு சொல்லிண்டிருந்தான்."

இவர் கழற்றிய சட்டையை மறுபடி மாட்டிக்கொண்டார். பொத்தான் போடவில்லை. மாமாவைக் கூப்பிட்டார். இரண்டு பேரும் படி இறங்கிப் போனார்கள். மாமி என்னைப் பார்த்தாள். "குளத்துலதான் இருப்பான், இழுத்துண்டு வருவா" என்றேன். அடை ஆறிப்போகிறது என்று அவள் உள்ளே போனாள்.

அதற்குப் பிறகு நடந்தது எதையும் என் கணவர் என்னிடம் சொன்னதில்லை. காவல்காரர் பாயிடம் சொல்லி, பாய் என்னிடம் சொன்னது கொஞ்சம். மாமா மாமியிடம் சொல்லி, மாமி சொன்னது கொஞ்சம்.

இவர்கள் போனபோது குளம் நிறையப் பையன்கள். பலகையிலிருந்து குதிப்பதும் கத்துவதுமாக இருந்திருக்கிறார்கள். காவல்காரரைக் கேட்டால், வந்தான், போயிருப்பான் என்றாராம். இவர் துணி மாற்றும் அறைகளுக்குள் போய்ப் பார்த்தார். ஒரு கொக்கியில் அவன் சட்டையும் வேஷ்டியும் தொங்கின. கீழே பெஞ்சில் டப்பா, அதன் மேல் மடித்த துண்டு. துண்டு நனையாமல் இருந்தது.

வெளியே வந்து எல்லோரும் தண்ணீரை விட்டு ஏறுங்கள் என்று கத்தினார். பையன்கள் விளையாட்டு என்று நினைத்தார்கள். சிலர் ஏறினார்கள், சிலர் ஏறவில்லை. இவர் சட்டையோடு ஆழமான பக்கத்தில் குதித்தார். முங்கி வெறுங்கையோடு மேலே வந்தார். மறுபடி முங்கினார். உள்ளே கண்ணைத் திறந்தாலும் வெள்ளைதான். கையாலேயே தரையைத் துழாவிக்கொண்டு போயிருக்கிறார். மாமா கரையில் நின்றுகொண்டு, "இருக்க மாட்டான், இருக்க மாட்டான், வெளியே வந்துடு" என்று சொல்லிக்கொண்டிருந்தாராம். தண்ணீர் வடியும் கம்பி வலைக்குப் பக்கத்தில் முதலில் தலைமயிர்தான் கையில் பட்டது என்று இவர் காவல்காரரிடம் சொல்லியிருக்கிறார். அவன் அங்கே எவ்வளவு நேரம் கிடந்தான் என்று யாருக்கும் தெரியாது. அவன் மேலேயே அத்தனை பேரும் நீந்திக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

மாலையில் வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். அதைப் பற்றி நான் எழுதப் போவதில்லை.

போலீஸில் விசாரணை நடந்தது. என் கணவர் தானாகவே போய் நின்றார். பாயும் கூடப் போனார். அதிகாரி ஹிந்தியில் இரண்டு கேள்வி கேட்டார். பையனுக்கு நீச்சல் தெரியுமா, கொஞ்சம் தெரியும். வலிப்பு உண்டா, கிடையாது. இவர், "பவுடர் நான் கொடுத்தது சாப். அதனால்தான் தண்ணீர் அப்படி ஆச்சு. யாருக்கும் கண் தெரியவில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்" என்றார். அதிகாரி பேனாவை எடுக்கவில்லை.

"மூழ்கினது தண்ணியில. பவுடர்ல இல்லை" என்றார் அவர். "உங்களை யாராவது குற்றம் சொன்னார்களா?"

"இல்லை."

"பின்னே ஏன் வந்தீர்கள்? வீட்டுக்குப் போங்கள்."

நீந்தும்போது நெஞ்சடைப்பு வந்திருக்கலாம் என்று கமிட்டி சொன்னது. சின்னப் பையனுக்கு நெஞ்சடைப்பா என்று யாரும் கேட்கவில்லை. செக்ரட்டரி எதிர் வீட்டுக்கு வந்து மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். என் கணவரைப் படியில் பார்த்து, "நீங்கள் சொன்னீர்கள். நான் கேட்கவில்லை" என்றார். அவ்வளவுதான் சொன்னார். குளம் சில நாள் மூடிக் கிடந்து மறுபடி திறந்தது. பையன்கள் மறுபடி வந்தார்கள் என்று கேள்விப்பட்டேன்.

எதிர் வீட்டுக்காரர்கள் எங்களிடம் கோபப்பட்டிருந்தால் தேவலை. அவர்கள் கோபப்படவில்லை. மாமி கிணற்றில் போட்ட கல் மாதிரி அடங்கிப்போனாள். அந்தத் தாராள வாயில் பேச்சே இல்லை. ஆனால் பால் திரிந்துபோன நாளில் என் வாசலில் ஒரு டம்ளர் பாலைக் கொண்டுவந்து வைப்பாள். எங்கள் வீட்டுக் குழாயில் தண்ணீர் வராதபோது தன் வீட்டில் பிடித்துக்கொள்ளச் சொல்லுவாள். அவள் ஒவ்வொன்று செய்யும்போதும் என் கணவர் அறைக்குள் போய்விடுவார்.

காரியங்கள் எல்லாம் முடிந்த பிறகு ஒரு நாள் காலையில் அவளே எங்கள் வீட்டுக்குள் வந்தாள். இவர் பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நேரே அவர் எதிரில் தரையில் உட்கார்ந்தாள்.

"ஒண்ணு கேக்கணும். மறைக்காமச் சொல்லணும்" என்றாள்.

"கேளுங்கோ மாமி."

"அந்தத் தண்ணில அவனுக்குக் கண்ணு தெரிஞ்சிருக்குமோ? மேல எது, கீழ எதுன்னு தெரிஞ்சிருக்குமோ?"

இவர் பேப்பரை மடித்து வைத்தார். நான் அடுப்படியில் நின்றுகொண்டு, ஏதாவது பொய் சொல்லுங்களேன் என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டிருந்தேன்.

"தெரிஞ்சிருக்காது மாமி" என்றார். "வெளிச்சம் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி இருந்தது. எனக்கே தெரியலை."

மாமி அதை வாங்கிக்கொண்ட மாதிரி தலையை ஆட்டினாள். புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "நீயாவது உள்ளதைச் சொன்னே" என்றாள். அந்த வருஷ மழைக்கு முன்னால் அவர்கள் மாதுங்கா வீட்டைக் காலி செய்துகொண்டு கல்யாணில் பெண் வீட்டுக்குப் பக்கத்தில் போய்விட்டார்கள். எதிர் வீட்டுக்கு ஒரு குஜராத்திக் குடும்பம் வந்தது.

என் கணவர் தாராவிக் கொட்டகைக்குப் போவதை நிறுத்தினார். பாய் வந்து வந்து பார்த்தார். "சாமி, நீங்க மூடச் சொன்னீங்க. கமிட்டிக்காரன் மூடலை. இதுல உங்க மேல என்ன இருக்கு?" என்று கேட்டார். கொட்டகையில் மீதமிருந்த பீப்பாய்களை என்ன செய்வது என்று பாய் கேட்டபோது, உங்களுக்குத் தோன்றியதைச் செய்யுங்கள் என்றார். பாய் அதைக் கரைத்துத் தன் பட்டறைச் சுவருக்கு வெள்ளையடித்தார். அதற்குத்தான் அது லாயக்கு.

வீட்டில் சாப்பாட்டுக்கு வழி வேண்டுமே. வெகுநாள் கழித்து விக்ரோலிப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர்ஸ் குமாஸ்தா வேலை கிடைத்தது. பூட்டும் ஆணியும் எண்ணி வைக்கிற வேலை. காலை ரயிலில் போவார், மாலை ரயிலில் வருவார். கேட்டதற்குப் பதில் சொல்வார். தானாக ஒன்றும் பேசமாட்டார். சமையலறை ஜன்னலில் இருந்த சீசாக்களை நான்தான் ஒரு நாள் எடுத்து, பழைய சீசாவுக்குக் கடலை கொடுக்கிற கடலைக்காரனுக்குப் போட்டேன். அவர் காலியான ஜன்னலைப் பார்த்துவிட்டுக் குளிக்கப் போனார். குளியலறையில் வாளியில் மொண்டு மொண்டு விட்டுக்கொள்ளும் சத்தம் மட்டும் கேட்கும். ஆறு, குளம் என்ற பேச்சு எங்கள் வீட்டில் நின்றுபோனது. ஊருக்குப் போனபோதுகூட ஆற்றுக்குப் போகாமல் கிணற்றடியில் குளித்தார். அண்ணன்மார்கள் கேலி செய்தார்கள்.

எனக்கு அவர் மேல் கோபமும் வந்ததுண்டு. செத்தவனுக்காக இருக்கிறவர்களை இப்படி வாட்டலாமா என்று ஒரு நாள் கேட்டே விட்டேன். "நான் யாரையும் வாட்டலைடி. எதிலேயும் மனசு ஒட்ட மாட்டேங்கறது" என்றார்.

யுத்தம் முடிந்து, சரக்கு மறுபடி தாராளமாக வரத் தொடங்கிய பிறகு, பாய் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார். முகத்தில் பழைய உற்சாகம். "சாமி, கோட்டைக் கம்பெனியிலே இருந்து ஆளு தேடி வந்தாக. ஏஜென்சி தாரோம்னு சொல்லுதாக. நான் கூட நிக்கேன். நல்ல ஈயம் வச்ச பீப்பா நானே அடிச்சுத் தாரேன். ஒரு தடவை குளத்தையாவது வந்து பாருங்க" என்றார். நானும் சொன்னேன். என்ன நினைத்தாரோ, கிளம்பிவிட்டார்.

குளம் குளமாக இல்லை. யுத்தத்தின் நடுவில் அதைத் தீயணைக்கத் தண்ணீர் தேக்கும் தொட்டியாக எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். பிறகு யாரும் திருப்பிக் கேட்கவில்லை. கமிட்டி கலைந்துவிட்டது, செக்ரட்டரி பூனா பக்கம் போய்விட்டாராம். பம்பைக் கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். தண்ணீர் கரும்பச்சையாகக் கிடந்தது. கொசுவுக்காக மேலே எண்ணெய் ஊற்றியிருந்தார்கள். வாசலில் குந்தியிருந்த ஆளுக்கு இது முன்பு நீச்சல் குளமாக இருந்ததே தெரியவில்லை. பழைய காவல்காரர் எங்கே என்று பாய் கேட்டதற்கு, போய்ச் சேர்ந்துவிட்டார் என்றான்.

இவர் ஆழமான பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றாராம். பாய் ஏதோ சொல்ல வாயெடுத்தபோது, "வாங்கோ பாய், ரயிலுக்கு நேரமாச்சு" என்று திரும்பிவிட்டார். ஏஜென்சிப் பேச்சு அத்தோடு போயிற்று. அடுத்த வருஷம் பாயும் பம்பாயில் மூண்ட மதக் கலவரத்துக்குப் பயந்து பட்டறையை யாருக்கோ கொடுத்துவிட்டுத் திருநெல்வேலிக்குப் போய்விட்டார். போவதற்கு முன்னால் சொல்லிக்கொள்ள வந்தவர், வாசற்படியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து அழுதார். அவருக்கு வேறு யாரும் இல்லை என்று இல்லை. எங்களுக்குத்தான் அவரை விட்டால் யாரும் இல்லை.

மாமி ஒரே ஒரு தடவை வந்தாள். கல்யாணிலிருந்து ரயிலேறி, பேத்திக்குக் காது குத்து என்று சொல்லி அழைக்க வந்தாள். நன்றாக மெலிந்திருந்தாள். மாமாவுக்குக் கண் சரியாகத் தெரியவில்லை, தனியாக வெளியே விடுவதில்லை என்றாள். நான் காப்பி கலந்தேன். என் கணவர் அன்று வீட்டில் இருந்தார். அறைக்குள் போய்விடுவார் என்று நினைத்தேன். போகவில்லை. மாமிக்கு எதிரில் கோரைப்பாயை விரித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"கல்யாண்ல ரேஷன் எப்படி இருக்கு மாமி?" என்றார்.

"எங்கே. அரிசியில பாதி கல்லு. பொறுக்கிப் பொறுக்கிக் கண்ணு போறது."

"இங்கேயும் அதேதான். போன வாரம் போட்ட அரிசி வேகவே இல்லை."

"கோதுமையாவது நன்னா இருக்கோ?"

"வண்டு" என்றார் இவர்.

அப்படியே கொஞ்ச நேரம் அரிசியையும் கோதுமையையும் பேசிக்கொண்டிருந்தார்கள். பிறகு மாமி ரயிலுக்கு நேரமாகிறது என்று எழுந்தாள். குங்குமம் கொடுத்தேன். இவர் ஸ்டேஷன் வரை அவளுக்குத் துணை போனார். காது குத்துக்கு நாங்கள் போகவில்லை.